நவம்பர் முடிவுகள் குறைவாகச் சொல்கின்றன, நிறையத் தீர்மானிக்கின்றன

அமெரிக்காவின் சிறு கல்லூரிகளில் மகளிர் கூடைப்பந்துப் பருவம் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. பதினைந்து நாள்களுக்குள் அட்டவணைகள் நிரம்பத் தொடங்குகின்றன. ஐந்து ஆட்டங்களில் ஐந்தையும் வென்ற அணி, ஐந்திலும் தோற்ற அணி, சென்ற ஆண்டு அரையிறுதி கண்டுவிட்டு இவ்வாண்டு முதல் ஆட்டத்திலேயே வீழ்ந்த அணி எனப் பலவும் அவற்றில் இடம்பெறுகின்றன. உடனே இருவகைப் பேச்சுகள் எழுகின்றன. ஒரு சாரார் அந்த எண்களைக் கொண்டு எழுச்சியையும் சரிவையும் அறிவித்துவிடுகின்றனர். மறு சாரார், இவை வெறும் முன்பயிற்சி ஆட்டங்கள், மெய்யான பருவம் சனவரியில்தான் தொடங்குகிறது என்று அவற்றை ஒதுக்கிவிடுகின்றனர்.

இரு நிலைப்பாடுகளும் பிழையானவை. ஓர் அணியின் ஆற்றல் எத்தகையது என்ற கேள்விக்குத் தொடக்ககால முடிவுகள் தரும் விடை மிகச் சிறியது. அந்த அணியின் மார்ச் மாதம் எப்படி அமையும் என்பதில் அவற்றுக்கு உள்ள பங்கோ மிகப் பெரியது. இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இதனைச் சற்று விரித்துக் காண்பது பயனுடையது.

முதலில் களத்தைப் பற்றிச் சில செய்திகள். என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவில் ஏறத்தாழ 430 கல்லூரிகள் மகளிர் கூடைப்பந்து அணிகளை நடத்துகின்றன. இப்பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. ஆடும் மாணவி பிற மாணவியரைப் போலவே கட்டணம் செலுத்துகிறாள். அல்லது குடும்ப வருமானத்தையும் கல்வித் தகுதியையும் கருதி வழங்கப்படும் பொதுவான நிதியுதவியைப் பெறுகிறாள். ஓர் அணி வழக்கமான பருவத்தில் 25 ஆட்டங்கள் வரை ஆடலாம். பருவத்தின் முடிவில் 64 அணிகள் தேசியப் போட்டிக்குச் செல்கின்றன.

இதனை ஒரு கடைக்கோடி விளையாட்டு என்று கருதுவோர் வரலாற்றையும் நோக்க வேண்டும். ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே அருகிலுள்ள நார்தாம்டன் நகரின் ஸ்மித் கல்லூரியில் சென்டா பெரன்சன் என்னும் உடற்கல்வி ஆசிரியை அதனைப் பெண்களுக்குக் கற்பித்தார். 1893 மார்ச்சில் அக்கல்லூரியின் இரு வகுப்பு மாணவியர் மோதிக்கொண்ட ஆட்டத்தைக் காண ஆண்களுக்கு அனுமதி இல்லை. 1972 முதல் 1974 வரை தொடர்ந்து மூன்று முறை தேசியப் பட்டம் வென்ற இம்மாகுலாட்டா, பென்சில்வேனியாவின் ஒரு சிறிய கத்தோலிக்க மகளிர் கல்லூரி. பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்களின் ஆட்டத்துக்குப் பொருள் ஒதுக்கத் தொடங்கியது அதற்குப் பின்னர்தான். மகளிர் கூடைப்பந்தின் பிறப்பிடம் சிறு கல்லூரியே. அந்த ஸ்மித் கல்லூரி, முதல் ஆட்டம் நடந்து 131 ஆண்டுகளுக்குப் பின் 2024இல் மூன்றாம் பிரிவின் இறுதி ஆட்டத்தை எட்டி, நியூயார்க் பல்கலைக்கழகத்திடம் 51-41 என்று தோற்றது. 2025 இறுதியிலும் அதே இரு அணிகள் மோதின. நியூயார்க் 77-49 என்று வென்றது.

இனி எண்களுக்கு வருவோம். 430 அணிகளும் முற்றிலும் சம ஆற்றல் கொண்டவை என்றும், ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவும் நாணயம் சுண்டுவதைப் போன்றது என்றும் கொள்வோம். நான்கு ஆட்டங்களையும் ஓர் அணி வெல்வதற்கான வாய்ப்பு பதினாறில் ஒன்று. அவ்வாறாயின், எவ்விதத் தகுதி வேறுபாடும் இல்லாமலேயே ஏறத்தாழ 27 அணிகள் 4-0 என்ற நிலையில் நிற்கும். வேறு 27 அணிகள் 0-4 என்று கிடக்கும். ஐந்தாம் ஆட்டத்துக்குப் பின்னரும் 13 அணிகள் தோல்வியறியாமல் இருக்கும். மெய்யுலகில் அணிகள் சமமானவை அல்ல என்பது உண்மைதான். ஆயினும் நவம்பர் இறுதியில் தோல்வியறியா அணிகளின் பட்டியலைக் காணும்போது, அதில் ஒரு பகுதி வெறும் தற்செயலின் கொடை என்பதை மறக்கலாகாது.

ஒரே ஆட்டத்துக்குள்ளும் தற்செயலுக்கு இடம் அதிகம். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் மூன்று புள்ளி எறிவுகளைக் கூடையில் சேர்க்கும் அணி, ஓர் ஆட்டத்தில் 20 முறை எறிகிறது என்போம். சராசரியாக ஆறு எறிவுகள் விழும். அந்த ஆறு நான்காகக் குறைவதும் எட்டாகக் கூடுவதும் முற்றிலும் இயல்பான ஏற்ற இறக்கமே. அதாவது, எவரும் நன்றாகவோ மோசமாகவோ ஆடாமலேயே ஆறு புள்ளிகள் இப்புறமோ அப்புறமோ சாய்கின்றன. இரு அணிகளின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இறுதி வித்தியாசத்தில் ஏறத்தாழ 9 புள்ளிகள் வரை இவ்வொரு காரணத்தாலேயே அசையக்கூடும். ஏழு புள்ளிகளில் முடிந்த நவம்பர் ஆட்டம் ஒன்றைக் கொண்டு ஓர் அணியை உயர்த்தவும் மற்றொன்றைத் தாழ்த்தவும் முனைவோர் இதனைக் கருத்தில் கொள்வது நன்று.

சிறு கல்லூரிகளுக்கே உரிய வேறு காரணங்களும் உண்டு. மூன்றாம் பிரிவில் ஒரே மாணவி இரு விளையாட்டுகளில் கல்லூரிக்காக ஆடுவது அரிதன்று. இலையுதிர் காலத்தில் கால்பந்தோ கைப்பந்தோ ஆடியவள், அந்த அணி நவம்பரில் தேசியப் போட்டிக்குள் நுழைந்துவிட்டால், கூடைப்பந்து அணியில் தாமதமாகவே சேர்கிறாள். முதல் மூன்று ஆட்டங்களில் ஆடிய அணியும் பிப்ரவரியில் ஆடும் அணியும் பெயரால் மட்டுமே ஒன்றாக இருக்கக்கூடும். ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், போடின் முதலிய நியூ இங்கிலாந்துக் கல்லூரிகள் அடங்கிய நெஸ்காக் குழுமம் மரபாகவே பிறரைவிடத் தாமதமாகப் பயிற்சியைத் தொடங்குகிறது. அதன் அணிகள் முதல் ஆட்டத்தில் இறங்கும்போது எதிரணி அதற்குள் சில ஆட்டங்களைக் கண்டிருக்கும்.

எதிராளியின் தரம் மற்றொரு திரை. முதல் வார இறுதியில் பல கல்லூரிகள் தம் அரங்கில் நான்கு அணிகள் கொண்ட சிறு போட்டியை நடத்துகின்றன. அழைப்பவர் தமக்கு ஏற்றவரை அழைப்பது இயற்கை. வேறு சில கல்லூரிகள் முதற்பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேரரங்குக்குச் சென்று நாற்பது, ஐம்பது புள்ளிகளில் தோற்றுத் திரும்புகின்றன. சிறு கல்லூரி அதனைப் பெரும்பாலும் காட்சி ஆட்டமாகவே பதிவு செய்கிறது. அந்த ஆட்டத்தின் புள்ளிகளை மட்டும் கண்டு அணியை எள்ளுவது அறியாமை. தம்மினும் மெலியாரை அழைத்து வென்ற 5-0 ஒன்று; வலியாரைத் தேடிச் சென்று பெற்ற 2-3 ஒன்று. அட்டவணையில் முன்னது மேலே நிற்கும். மார்ச்சில் பின்னது மேலே நிற்கக்கூடும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் ஆம்ஹர்ஸ்ட், 2023இல் கென்டக்கி மாநிலத்தின் டிரான்சில்வேனியா, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் நியூயார்க் பல்கலைக்கழகம் என, நவம்பர் முதல் ஆட்டத்திலிருந்து இறுதி ஆட்டம் வரை ஒருமுறையும் தோற்காமல் பட்டம் வென்றவர்கள் பலர். டிரான்சில்வேனியாவின் கணக்கு 33-0. நியூயார்க்கின் இரு பருவங்களும் 31-0. அவ்வாறாயின் தொடக்கமே முடிவைக் காட்டிவிடவில்லையா என்று கேட்கலாம். உச்சியிலுள்ள ஓரிரு அணிகளைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்கதே. அவற்றுக்கும் பிறருக்கும் உள்ள இடைவெளி தற்செயலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் அத்தகைய அணிகளின் வலிமையை அறிய நவம்பர் தேவையில்லை. முந்தைய மார்ச்சே அதனை அறிவித்துவிடுகிறது. நவம்பரைப் படிக்க வேண்டிய தேவை எழுவது இருபதாம் இடத்துக்கும் நூறாம் இடத்துக்கும் இடைப்பட்ட அணிகளுக்காகவே. தொடக்ககால முடிவுகள் மிகக் குறைவாகப் பேசுவதும் அவற்றைப் பற்றியே.

தீர்மானிப்பவையும் அவற்றின் ஊழையே என்பதுதான் அடுத்த செய்தி.

தேசியப் போட்டியின் 64 இடங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை கான்ஃபரன்ஸ் எனப்படும் கல்லூரிக் குழுமங்களின் வாகையர்க்கு நேரடியாகச் செல்கின்றன. எஞ்சிய இருபது சொச்சம் பொது இடங்களுக்கே பிறர் போட்டியிட வேண்டும். முன்னர் அந்த இடங்களைக் குழுவினர் அமர்ந்து, வெற்றி விழுக்காடு, எதிரணிகளின் வலிமை, நேருக்கு நேர் முடிவுகள் ஆகியவற்றை எடைபோட்டு வழங்கினர். 2024-25 பருவம் முதல் என்.பி.ஐ. என்னும் குறியீடு அந்தப் பணியை மேற்கொண்டுள்ளது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் முடிவையும் எதிரணியின் வலிமையையும் கொண்டு ஒரு மதிப்பு தரப்படுகிறது. சொந்த அரங்கா அயல் அரங்கா என்பதும் கணக்கில் சேர்கிறது. எதிரணியின் வலிமை என்பதே அதன் குறியீடுதான். ஆகவே எல்லா அணிகளின் எண்களும் ஒன்றையொன்று சார்ந்து, ஒரு நிலைக்கு வரும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடப்படுகின்றன.

இந்தக் குறியீட்டுக்கு நாள்காட்டி தெரியாது. நவம்பரில் பெற்ற வெற்றிக்கும் பிப்ரவரியில் பெற்ற வெற்றிக்கும் ஒரே எடை. பயிற்சி தொடங்கிச் சில வாரங்களே ஆன, பாதி வீராங்கனையர் இன்னும் வந்து சேராத அணி ஆடிய ஆட்டமும், ஒரு பருவம் முழுதும் சேர்ந்து பழகிய அணி ஆடிய ஆட்டமும் அதன் பார்வையில் சமம்.

இதனினும் ஆழமான ஒரு காரணம் உண்டு. பலர் கவனிக்கத் தவறுவது அதுவே. பத்துக் கல்லூரிகள் கொண்ட ஒரு குழுமத்தில் ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பதுடன் இருமுறை ஆடுகிறது எனக் கொள்வோம். ஓர் அணிக்கு 18 ஆட்டங்கள். குழுமத்துக்கு மொத்தம் 90. அந்தத் தொண்ணூறில் 90 வெற்றிகளும் 90 தோல்விகளும் இருக்கும். வேறு வழியே இல்லை. குழுமம் நாட்டிலேயே வலிமை மிக்கதாயினும் நலிந்ததாயினும் இந்தக் கணக்கு மாறாது. சனவரி, பிப்ரவரி மாதங்களில் நடப்பவை பெரும்பாலும் இத்தகைய உள்வட்ட ஆட்டங்களே. உறுப்பினர்களுக்குள் யார் மேல், யார் கீழ் என்பதை அவை சொல்லும். வெளியுலகோடு ஒப்பிடுகையில் அந்தக் குழுமம் எங்கு நிற்கிறது என்பதை அவற்றால் ஒருபோதும் சொல்ல இயலாது. அதனைச் சொல்லக்கூடியவை, 25இல் 18 போக எஞ்சிய ஏழு வெளியாட்டங்கள் மட்டுமே. அவற்றுள் பெரும்பாலானவை நவம்பரிலும் டிசம்பரிலும் முடிந்துவிடுகின்றன.

இதன் விளைவு எளிதில் உணரத்தக்கது. ஒரு குழுமத்தின் பத்து அணிகளும் நவம்பரில் வெளியாரிடம் பெறும் வெற்றிகள் அனைவருக்கும் பொதுவான வைப்புநிதியாகின்றன. அங்கே கடைசி இடத்திலிருக்கும் அணி தொலைவிலுள்ள ஓர் எதிரியிடம் பெற்ற வெற்றி, முதலிடத்திலிருக்கும் அணியின் குறியீட்டையும் சிறிது உயர்த்துகிறது. அதன் தோல்வி எல்லாரையும் சிறிது தாழ்த்துகிறது. பிப்ரவரியில் இரண்டாம் இடம் பெற்றுக் குழுமப் பட்டத்தை நூலிழையில் தவறவிட்ட அணிக்குப் பொது இடம் கிடைக்குமா என்பது, மூன்று மாதங்களுக்கு முன் வேறொரு கல்லூரியின் முதலாண்டு மாணவியர் வேறோர் ஊரில் ஆடிய ஆட்டத்தாலும் தீர்மானிக்கப்படுகிறது. ஆடியவர்கள் அதனை அறிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

குறியீடு நடுநிலையானது, ஆட்களின் விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்டது என்பது அதன் ஆதரவாளர் கூற்று. அது பெருமளவு நியாயமானதே. மூடிய அறையில் எழும் ஐயங்களைவிட, எவரும் சரிபார்க்கக்கூடிய எண் மேலானது. ஆயினும் குறியீடு எதனை அளக்கிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. வலிய எதிரிகளை எதிர்கொள்வதற்கு அது பரிசளிக்கிறது. வலிய எதிரிகளை எதிர்கொள்ள வேண்டுமாயின் அவர்கள் அருகில் இருக்க வேண்டும். இல்லையேல் அவர்களிடம் சென்று சேரப் பணம் வேண்டும். மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா, ஒகையோ, விஸ்கான்சின் ஆகிய மாநிலங்களில் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் நெருங்கிக் கிடக்கின்றன. இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் நல்ல எதிரிகள் பலர் கிடைப்பர். டெக்சஸிலோ மேற்குக் கரையிலோ உள்ள கல்லூரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. நியூயார்க், சிகாகோ, எமரி, செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் முதலிய வளமிக்க பல்கலைக்கழகங்கள் தமக்குள் குழுமம் அமைத்து வானூர்தியில் பறந்து சென்று ஆடுகின்றன. கட்டண வருவாயை நம்பி நாளை ஓட்டும் சிற்றூர்க் கல்லூரியின் பயிற்றுநர், பேருந்து வாடகையைக் கணக்கிட்டே நவம்பர் அட்டவணையை வரைகிறார். ஆக, அட்டவணையின் வலிமை என்று குறியீடு படிப்பதில் ஒரு பகுதி, கல்லூரியின் பயணச் செலவுக் கணக்கே.

இந்திய வாசகர்க்கு இதில் வேறொரு பொருளும் உண்டு. நம் பல்கலைக்கழக மகளிர் அணிகள் பெரும்பாலும் மண்டல அளவிலான ஒரே போட்டியை நம்பியே ஆண்டு முழுதும் பயிற்சி செய்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் அந்தப் போட்டியின் தொடக்கச் சுற்றுகள் நாக்-அவுட் முறையில் அமைகின்றன. முதல் ஆட்டத்தில் தோற்றால் அன்று மாலையே தொடர்வண்டி ஏற வேண்டியதுதான். தோல்வியிலிருந்து கற்று மறு வாரம் திருத்திக்கொள்ள வழியில்லை. பருவத்தொடக்கம் என்ற ஒன்றே அங்கு இல்லை. தொடக்கமும் முடிவும் ஒரே நாளில் நிகழ்ந்துவிடுகின்றன. இந்நிலையில் நின்று நோக்கினால், அமெரிக்கச் சிறு கல்லூரியின் நவம்பர் மாதம் மாணவியர்க்கு அளிப்பது ஓர் அரிய உரிமை என்பது விளங்கும். அது தோற்கும் உரிமை. புதிதாக வந்தவளைக் களமிறக்கிப் பார்க்கவும், பழைய ஆட்டமுறையைக் கைவிட்டுப் புதியதைச் சோதிக்கவும், வலியாரிடம் தோற்றுத் தன் குறையை அறியவும் கிடைக்கும் காலம் அது.

நவம்பரின் ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் ஏறும் என்ற அச்சம் வளர்ந்தால் அந்த உரிமை மெல்லக் கரையும். பயிற்றுநர் இளையவர்களை அமர்த்திவிட்டு மூத்தவர்களையே நாற்பது நிமிடமும் ஆடவிடுவார். விளையாட்டால் ஒரு ரூபாயும் பெறாத, நான்கு ஆண்டுகளுக்குப் பின் பெரும்பாலும் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ செல்லப்போகிற ஒரு மாணவிக்கு, ஆடுவதே ஊதியம். அவளைக் கணக்கின் பொருட்டு வெளியே அமர்த்துவது, உதவித்தொகை இல்லாத பிரிவு ஒன்று இருப்பதற்கான காரணத்தையே மறுப்பதாகும்.

ஆகவே செய்யத்தக்கவை சில. முதலாவதாக, குறியீட்டைக் கைவிட வேண்டியதில்லை. அதன் உட்பொருளைப் பயிற்றுநர்கள் சரியாகப் படிக்க வேண்டும். வலியாரிடம் பெறும் தோல்வி மெலியாரிடம் பெறும் தோல்வியைவிடக் குறைவாகவே தாழ்த்தும் என்பது அதன் அமைப்பிலேயே உள்ளது. எனவே துணிந்து வெளியேறி ஆடுவதற்கு அது தடையன்று, ஊக்கமே. இரண்டாவதாக, வெளியாட்டங்களின் பயன் குழுமம் முழுமைக்கும் சேர்வதால், அதன் செலவையும் குழுமம் முழுமையும் பகிர்வதே முறை. இரு குழுமங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரே வார இறுதியில் ஒரே ஊரில் தம் அணிகளை நேருக்கு நேர் மோதவிட்டால், ஏழை உறுப்பினரும் நல்ல எதிரியைப் பெறுவார். தனித்தனிப் பயணங்களின் சுமையும் குறையும். மூன்றாவதாக, தொலைவால் தனித்துக் கிடக்கும் கல்லூரிகளின் நவம்பர் பயணங்களுக்கு என்.சி.ஏ.ஏ. பொது நிதியிலிருந்து உதவலாம். தேசியப் போட்டிப் பயணத்துக்குச் செலவிடும் அமைப்பு, அந்தப் போட்டிக்கான தகுதி முடிவாகும் பயணத்தையும் கருதுவதில் தவறில்லை.

படிப்போரின் கடமை இவற்றினும் எளியது. தொடக்ககால அட்டவணையைக் காணும்போது வெற்றி தோல்வி எண்ணிக்கைக்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: யாரிடம், எங்கே, யாரைக் கொண்டு? எதிரணி யார், அரங்கு யாருடையது, அன்று ஆடியவர்கள் யார் என்பதை அறியாமல் 5-0 என்பதும் 0-5 என்பதும் பொருளற்ற குறிகளே. சனவரி வரை தீர்ப்பைத் தள்ளிவைத்து, கவனத்தை மட்டும் நவம்பரிலேயே செலுத்துவதுதான் முறையான வாசிப்பு.